இரண்டு ஸ்ட்ரட், முப்பத்தெட்டு கேக்

கேக்கம்மா எந்த விலையையும் கேக்கில்தான் கணக்குப் பார்ப்பாள். பல் பிடுங்கியது மூன்று கேக். வீட்டு வாடகை பதினொன்று. மகளின் கல்லூரிக் கட்டணம் என்று வந்துவிட்டால் எண்ணவே மாட்டாள், பேசாமல் போய் ஓவனைப் பற்றவைத்துவிடுவாள். அதனால் பட்டறையில் மெக்கானிக் அவளுடைய காரின் அடியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தொகையைச் சொன்னபோது, மனசுக்குள் வகுத்துப் பார்த்தவள் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தெட்டு கேக்.

"ரெண்டு ஸ்ட்ரட்டுக்கா அண்ணே?"

"ரெண்டு ஸ்ட்ரட்டு, அதுக்கு மேல மாட்டுற மவுண்ட்டு ரெண்டு, லேபரு, அலைன்மென்ட்டு. எல்லாம் சேர்த்துத்தான்."

ஸ்ட்ரட் என்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே, ஸ்பிரிங்கைத் தோளில் சுமந்துகொண்டு எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய் நிற்கும். ரோட்டில் வருகிற மேடு பள்ளத்தையெல்லாம் அது வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவரை நிம்மதியாக விடவேண்டும். பதினெட்டு வயதான அந்தக் காரில் இரண்டு குழாயுமே எண்ணெயைக் கசியவிட்டுவிட்டு, சம்பளம் மட்டும் வாங்குகிற ஆட்களாகிவிட்டன. மெக்கானிக் முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தார். நல்ல கார் ஒரு தடவை எழுந்து அடங்கிவிடும். இது நாலு தடவை தலையை ஆட்டிவிட்டு, ஐந்தாவதாக ஒரு முனகலும் முனகியது.

"ஒரு பக்கம் மட்டும் மாத்தினா?"

"ஒத்தச் செருப்பு வாங்குவீங்களா?"

"பழசு ஏதாச்சும் கிடைச்சா?"

"பழசுதானே இப்ப மாட்டியிருக்கு."

"லேபர்லயாவது கொஞ்சம் பார்த்து..."

அவர் கையிலிருந்த ஸ்பானரால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தகரப் பலகை. அதில் சிவப்புப் பெயின்டில் 'பேரம் கிடையாது' என்று இரண்டே சொல். அவருக்கு ஊர் வைத்த பெயரே கறார். சொன்ன விலையிலிருந்து ஒரு பைசா இறங்கியதாக யாருக்கும் நினைவில்லை. அவரிடம் பேரம் பேச ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அந்தப் பலகையைத்தான் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பேக்கிங் பவுடர் டின்னுக்குள் கேக்கம்மா சேர்த்து வைத்திருந்தது இருபத்தைந்து கேக். சாமான் மட்டும் என்றால் இருபத்துநாலு, கைக்கு எட்டும். லேபரும் மற்றதும் சேர்த்துப் பதினாலு, அது எட்டாது. அவள் கணவருக்கோ இதில் குழப்பமே இல்லை. "அந்த வண்டியை வித்தாலே அவ்வளவு வராது, தலை முழுகு," என்றார். விற்கலாம்தான். வாங்க வருகிறவன் முதல் வேகத்தடையிலேயே கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுவானே, அதற்கு என்ன செய்ய?

இதில் அவளுக்குத் தலை போகிற அவசரம் ஒன்று இருந்தது. வாரா வாரம் கேக் வாங்குகிற ஹோட்டல் ஒன்றுதான் அவள் வீட்டில் உலை கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. போன மாதம் அங்கே கொண்டுபோன ஒரு கேக் சாய்ந்து நின்றது. அதற்கடுத்தது சாயவில்லை, படுத்தேவிட்டது. மானேஜர் மரியாதையான மனிதர், கத்தவில்லை. "மூணாவது தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க சிரமப்பட்டு வரவேண்டாம்," என்று மட்டும் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை அதே ஹோட்டலுக்கு நாலு அடுக்குக் கல்யாணக் கேக். அதற்குள் ஸ்ட்ரட் மாற்றவில்லையென்றால் அவள் பிழைப்பு போயிற்று.

இப்படி அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தபோதுதான், கறாரும் அவர் மனைவியும் அவள் வீட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அந்த முன்னறைதான் அவள் கடை. ஜன்னலோரம் பார்வைக்கு ஒரு மூன்று அடுக்குக் கேக் நிற்கும். உள்ளே முழுக்கத் தெர்மாகோல், மேலே மட்டும் ஐசிங். நாலு வருஷமாக அதைப் பார்த்துத்தான் எல்லோரும் எச்சில் விழுங்குகிறார்கள்.

கறாருடைய மாமனார் மாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஐம்பதாவது கல்யாண நாள். மூன்று அடுக்கில் கேக் வேண்டும். இதில் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெண் கேட்டு வந்த நாளில் மாப்பிள்ளையின் நகத்திலிருந்த கிரீஸைப் பார்த்த அந்த அம்மாள், இருபத்தெட்டு வருஷமாக அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாப்பிள்ளை மழை வருகிறது என்று சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அவளை ஒரு தடவையாவது வாயடைக்க வைக்கவேண்டும் என்பதற்காகவே மூன்று அடுக்கு.

விலையைச் சொன்னாள் கேக்கம்மா. பட்டறையில் இறங்காத மனிதர் அங்கே நாற்காலியிலிருந்தே இறங்கி வந்துவிட்டார்.

"மாவு, சர்க்கரை, முட்டை. இதுல என்னம்மா இருக்கு இவ்வளவு விலைக்கு?"

"குழாய், ஸ்பிரிங்கு, எண்ணெய். அதுல மட்டும் என்ன இருந்துச்சு அண்ணே?"

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவர் விடவில்லை. கேக் விலையை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் விலைச் சீட்டில் கீழே இருந்த வரிகளில் விரலை வைத்தார். கொண்டுவந்து சேர்க்க ஒரு தொகை, அங்கே வைத்து அடுக்கிக் கொடுக்க ஒரு தொகை.

"கொண்டாந்து வைக்கிறதுக்குத் தனிக் காசா? நான் என்னைக்காவது வண்டியைப் பட்டறைக்கு வெளிய எடுத்து விடுறதுக்குக் காசு கேட்டிருக்கேனா? ரெண்டையும் அடிங்க."

கேக்கம்மாவுக்குச் சுள்ளென்று வந்தது. நல்லதாக நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாயில் கோபத்துக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலோரத் தெர்மாகோல் அவளைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது.

"அடிச்சாச்சு அண்ணே. அங்க வந்து அடுக்க வேண்டாம்னா, இங்கயே அடுக்கித்தான் கொண்டாரணும். அடுக்கின கேக்கை யாராச்சும் மடியில வெச்சுப் பிடிச்சுக்கணும். எனக்கு ஸ்டியரிங் இருக்கு."

"யாராச்சும் என்ன, நானே பிடிச்சுக்கறேன்," என்றார் கறார், மனைவி பார்த்துக்கொண்டிருக்கிற தைரியத்தில். வாசல் வரைக்கும் போனவர் நின்றார். "எந்த வண்டியில?"

"எனக்கென்ன நாலஞ்சு வண்டியா நிக்குது?"

அவருடைய சொந்தக் கார் அன்றைக்கு மாமியாரை அழைத்துவரப் போயாக வேண்டும். வாக்கோ கொடுத்தாயிற்று. "மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

நியாயம் பேசுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கேக்கம்மா தொழில் தெரிந்தவள். நிஜக் கேக்கை அந்தக் காரில் ஏற்றுகிற பைத்தியக்காரத்தனத்தை அவள் கனவிலும் செய்யமாட்டாள். நிஜக் கேக் ஒரு மணி நேரம் முன்னதாகவே நாத்தனாரின் புதுக் காரில், மண்டபத்தின் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குப் போய்விடும். கறார் மடியில் உட்காரப்போவது தெர்மாகோல். அதற்குப் புது ஐசிங் பூசி, நிஜத்தைப் போலவே ரோஜா வைத்து, கனம் தெரியவேண்டுமே என்று அடித்தட்டைக் குடைந்து இரண்டு பாக்கெட் சர்க்கரையும் சொருகினாள். மண்டபத்தில் அவர் விருந்தாளிகளைக் கவனிக்கப் போனதும், டச்சப் என்று சொல்லி உள்ளே தூக்கிப்போய் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. நாத்தனாரிடம் கார் கேட்பதில்தான் கஷ்டம். ஒரு தடவை கொடுத்தால் ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவாள். அதற்கும் துணிந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறார் சந்தன நிறச் சட்டையில் வந்தார். நகம் பளிச்சென்று இருந்தது, அரை நாள் தேய்த்திருப்பார். முன் இருக்கையில் அவர் உட்கார்ந்ததும், பலகையோடு மூன்று அடுக்கையும் மடியில் இறக்கினாள்.

"என்னம்மா, சைசுக்கு கனமே இல்ல?"

"நல்ல கேக் அப்படித்தான் இருக்கும் அண்ணே. கனத்தா அது ரொட்டி."

தெரு முனை வேகத்தடையில் கார் ஏறி 'டொம்' என்று இறங்கியது. மேலடுக்கின் ரோஜா ஒரு ஆட்டம் ஆடியது. கறார் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"இடது பக்கம்மா இது! மவுண்ட்டே விட்டுப்போச்சு."

"முந்தியே சொன்னீங்களே அண்ணே, மறந்துட்டீங்களா?"

வேறொருவர் என்றால் குலுங்கிய பிறகுதான் பயப்படுவார். இவருக்கோ எந்தப் பள்ளத்தில் எந்தச் சக்கரம் இறங்கும், எந்த நட்டு கதறும் என்பதெல்லாம் பத்தடி முன்னாலேயே தெரிந்தது. குதிகாலைத் தூக்கி, முழங்காலை மடக்கி நீட்டி, ஒவ்வொரு குழியையும் தன் தொடையில் வாங்கினார். அன்றைக்கு அந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்த ஸ்ட்ரட் இரண்டும் அவருடைய கால்கள்தான்.

நாலாவது வேகத்தடைக்கு அப்புறம் ரயில்வே கேட். மூடியிருந்தது. எதிரே நாலு தண்டவாளம், நடுவில் எல்லாம் கல்லும் குழியும். அவற்றைப் பார்த்த கறாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வேற வழி இல்லியா?"

"இருக்கு. அந்த ரோட்டை வெட்டிப் போட்டிருக்காங்க."

ரயில் போனது. கேக்கம்மா நிதானமாகச் சாவியைத் திருப்பினாள்.

"இரு, இரு. லேபர்ல ரெண்டு கேக்கு குறைச்சுக்கறேன்," என்றார். அவள் கணக்குப்போடும் முறை அவருக்கும் தெரிந்திருந்தது.

"பலகைல வேற மாதிரில்ல எழுதியிருக்கு?"

"பாதி லேபர்!"

கேட் மேலே எழுந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். கார் ஒரு அடி முன்னால் உருண்டது.

"லேபரே வேண்டாம் தாயே! அலைன்மென்ட்டும் வேண்டாம்! சாமான் விலையை மட்டும் குடு. மெதுவாப் போ!"

"சொன்ன பிறகு மாத்த மாட்டீங்களே?"

"நான் ஒரு விலை சொன்னா சொன்னதுதான்! முன்னாடி பாரு!"

நாலு தண்டவாளத்தையும் அவள் ஒவ்வொரு அங்குலமாகக் கடந்தாள். உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. பன்னிரண்டு நிமிஷத்தில் பதினாலு கேக், ஓவன்கூடப் பற்றவைக்காமல்.

மண்டபத்தில் கறார் யாரையும் தொடவிடவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய் நடு மேஜையில் வைத்தார். மாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேக்கம்மா சிரித்த முகமாகச் சமையலறைக்கு நடந்தாள்.

அங்கே நாத்தனார் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மேஜை மேல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே மூன்று அடுக்கும் ஒன்றின் மடியில் ஒன்று விழுந்து, ஐசிங்கும் ரோஜாவும் கலந்து ஒரே களேபரம்.

"பூனை குறுக்க வந்துருச்சு அண்ணி. பிரேக் போட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "பூனைக்கு ஒண்ணும் ஆகல."

சத்தமே வராத புது ஸ்ட்ரட் போட்ட காரில் நிஜக் கேக் நொறுங்கிவிட்டது. உளுத்துப்போன காரில் தெர்மாகோல் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னும் அரை மணியில் அந்த மாமியார் கத்தியை எடுத்து, எண்பது பேர் பார்க்கத் தெர்மாகோலை அறுக்கப்போகிறாள். கறார் முகத்தில் இனி எப்படி முழிப்பது? ஸ்ட்ரட் போயிற்று, வெள்ளிக்கிழமை போயிற்று, ஹோட்டலும் போயிற்று. கெட்டிக்காரத்தனத்துக்கு இது தேவைதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது கத்தி எடுக்க உள்ளே வந்தார் கறார். கத்தியைக் கையில் எடுத்தவர் பெட்டியைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். கேக்கம்மாவைப் பார்த்தார்.

"அப்ப, நான் மடியில வெச்சுக்கிட்டு வந்தது?"

"தெர்மாகோல் அண்ணே." பொய் சொல்ல இனிமேல் தெம்பில்லை. "உங்களை ஏமாத்தத்தான் செஞ்சேன். தப்புத்தான். கேக்குக்கு வாங்கின காசைத் திருப்பித் தந்துடறேன். வெளிய போய் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவர் முகம் சிவந்தது. கையிலிருந்த கத்தியைப் பார்த்து நாத்தனார் முக்காலியோடு பின்னால் நகர்ந்தாள். வெளியே மாமியாரின் குரல் கேட்டது: "கத்தி எடுக்கப் போன மனுஷன் எங்க? அதையாவது உருப்படியாக் கொண்டாருவாரா?"

கறார் கண்ணை மூடித் திறந்தார்.

"கத்தி இறங்க எவ்வளவு ஆழம் வேணும்?"

"என்ன அண்ணே?"

"எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்? கேக்குல ஒரு துண்டு எவ்வளவு இருக்கும்னு கேட்டேன்."

டச்சப் என்று சொல்லித் தெர்மாகோலை உள்ளே கொண்டுவந்தார்கள். கறார் சட்டைக்கையை மடித்துவிட்டு, நடு அடுக்கின் பின்பக்கமாக விரலால் அளந்து ஒரே இழுப்பில் அறுத்தார். ஆப்பு வடிவத்தில் தெர்மாகோல் ஒரு துண்டாகக் கழன்று வந்தது. அந்த இடத்துக்குச் சரியாக, விழுந்த கேக்கில் நல்லதாக ஒரு துண்டை வெட்டிச் சொருகினாள் கேக்கம்மா. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. மேலே ஐசிங்கை இழைத்து, அடையாளத்துக்கு ஒரு ரோஜா வைத்தாள். மீதி இடிபாட்டை நாத்தனார் எண்பது தட்டுக்குத் துண்டு போட்டாள். துண்டாகிவிட்டால் அது விழுந்த கேக்கா நின்ற கேக்கா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

மேஜையருகே மாமியார் கத்தியைப் பிடித்தாள். ரோஜா இருந்த இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"இந்தப் பக்கம் அத்தை," என்றார் கறார்.

"ஏன், அந்தப் பக்கம் வெட்டினா கேக்கு கடிக்குமா?"

கறார் பட்டறையில் பேசுகிற குரலை எடுத்தார். "மூணு அடுக்கு அத்தை. பாரம் எல்லாம் இந்த ரோஜாவுக்கு நேரா இறங்குது. இங்க வெட்டினா நிக்கும். அங்க வெட்டினா மொத்தமும் உங்க சேலைல சாயும்."

அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. மாமியார் கேக்கைப் பார்த்தாள், புதுப் பட்டுச் சேலையைப் பார்த்தாள். கத்தி ரோஜாவுக்கு வந்தது.

"பாரம் தூக்குற விஷயம். மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றாள், எண்பது பேர் காதில் விழும்படி.

கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கறார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத் துடைத்ததைக் கேக்கம்மா மட்டும் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பேக்கிங் பவுடர் டின்னோடு பட்டறைக்குப் போனாள். கார் முன்சக்கரத்தை ஊன்றி நிமிர்ந்து நின்றது. முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். ஒரு தடவை எழுந்தது, அடங்கிவிட்டது. பழைய ஸ்ட்ரட் இரண்டும் எண்ணெய் வழிய ஓரமாகக் கிடந்தன. பில்லில் சாமான் விலை மட்டும் எழுதியிருந்தது. இருபத்துநாலு கேக்.

"அண்ணே, இது வேண்டாம். அன்னைக்கு நான் செஞ்சது திருட்டுத்தனம். லேபரையும் போடுங்க. மாசாமாசம் தர்றேன்."

"கேட்ல என்ன சொன்னேன்?"

"அது தெர்மாகோலுக்குப் பயந்து சொன்னது. செல்லாது."

"எதுக்குப் பயந்தா என்ன, சொன்னது நான்தானே?"

"சரி, பாதி லேபராவது."

அவர் ஸ்பானரால் சுவரைக் காட்டினார். தகரப் பலகை அதே இடத்தில்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை இந்தப் பக்கத்திலிருந்து படித்தவள் அவள் ஒருத்திதான். இருபத்துநாலை எண்ணி வைத்தாள்.

"உங்க நாத்தனாரோட வண்டியும் பார்த்தேன்," என்றார் அவர், நோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "அதுல ஒரு குறையும் இல்ல. மாத்தணும்னா டிரைவரைத்தான் மாத்தணும்."

பட்டறை வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. அவள் கார் வருவதையும் போவதையும் ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது அதுதான். கேக்கம்மா பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். கார் ஏறியது, இறங்கியது, ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். கறார் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றதும் உள்ளே போய்விட்டார்.